ஊதிவிடு

அடிக்கக் கூடாது. முதல் விஷயம் அது.
கை தானாகக் கழுத்துக்குப் போகும்,
கையை நிறுத்து.

பெல்லந்தூர் ஏரிப் பக்கம், மூன்றாம் கேட்.
ராத்திரி எட்டு முதல் காலை எட்டு.
கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல் ட்யூப்லைட்,
வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா.
மழை விட்ட இரண்டு மூன்று நாளில்
வெளிச்சத்தைத் தேடி வந்து இறங்கும்.

எறும்பு என்றுதான் நினைப்பாய்.
ஒரு பச்சரிசி நீளம்.
தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு,
முதுகில் கருநீலத்தில் ஒரு குட்டைச் சட்டை,
அதற்குக் கீழே மறுபடி ஆரஞ்சு,
வால் நுனி மட்டும் மையில் தோய்த்தது.
விரட்டினால் தேள் மாதிரிப் பின்புறம் தூக்கும்.
அது சும்மா. கொடுக்கு கிடையாது.
கடிக்கவும் கடிக்காது.
விஷம் அதன் ரத்தத்தில். நாம் நசுக்கினால்தான்
வெளியே வரும்.

இரண்டாம் கேட் பிபுல், அஸ்ஸாம்காரன்,
முழங்கை மடிப்பில் ஒன்றை நசுக்கித் தூங்கிவிட்டான்
(தூங்கவே இல்லை என்கிறான்).
மறுநாள் மேலே ஒரு புண், கீழே அதே புண்.
மடக்கினால் இரண்டும் பொருந்துகின்றன,
மை காயாத தாளை மடித்த மாதிரி.

எனக்குக் கழுத்தில்.
ஏ ப்ளாக்குக்கு பீட்சா வந்த நேரம்.
பையனிடம் ஓடிபி கேட்டுக்கொண்டே
ஒரு தட்டு தட்டி, இழுத்துத் துடைத்தேன்.
அன்றைக்கு ஒன்றும் இல்லை.
மறுநாள் சாயங்காலம் எரிந்தது.
விடிந்து பார்த்தால் காதடியிலிருந்து தோள் வரை
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கோடு போட்ட மாதிரி.
அப்போதே சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும்.
யாருக்குத் தெரியும்?

இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைச் சாத்தினாள்.
குரலைத் தாழ்த்தி, “கண்டனா?” என்றாள்.
கன்னடத்தில் அது புருஷன்.
நமக்குக் கண்டம் என்றால் கழுத்து,
ஜாதகக்காரனுக்கு வேறு.
“ஹுளா” என்றேன். பூச்சி.
“எல்லாரும் அதுதாம்மா சொல்றாங்க.”

சி ப்ளாக் மேடம் காரை நிறுத்தி
கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.
துண்டுச் சீட்டில் ஒரு நம்பர்.
எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை என்றாள்.
நஞ்சேகௌடா சார் கேட்காமலே
ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு
வேறு பக்கம் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு.
ஒன்பது வருஷம் முன்னால், கே.ஆர்.புரத்திலிருந்து,
இஸ்திரிப் பெட்டி பட்ட கையோடு
இதே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.
பூச்சி கடிச்சிருச்சு என்றேன்.
டாக்டர் நிமிராமல் களிம்பு எழுதினார்.
என்ன பூச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அடையாளம் சொல்லியிருப்பேன்:
சனிக்கிழமை ராத்திரி வரும்.
செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே தெரியும்.
விளக்கை அணைத்தாலும் போகாது.

அதை ஊதிவிட முடியவில்லை.
நான்தான் இடம் மாறினேன்,
ஒரு பை, ஒரு ரேஷன் கார்டு நகல்.

இப்போது ட்யூப்லைட்டுக்கு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறேன்.
சால்வையை உதறித்தான் போர்த்துகிறேன்.
நேற்று ராத்திரி ஒன்று பதிவேட்டில் ஏறி
‘யாரைப் பார்க்க’ கட்டத்தில் நின்று
வாலைத் தூக்கியது.
தாளைச் சாய்த்து ஊதினேன். போனது.

காலை ஆறரைக்கு வீட்டு வேலைக்காரர்கள் வரிசை.
யங்கம்மா, ராய்ச்சூர் பக்கம், டி ப்ளாக்கில் நான்கு வீடு.
கையெழுத்துப் போடும்போது
முந்தானை மணிக்கட்டிலிருந்து நழுவியது.
இழுத்து மூடினாள்.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு
“ஹுளா” என்றாள்.

பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.
மேஜை இழுப்பறையில் அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது.
பேனாவை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளாமல்
கேட்டேன்:

என்ன நிறம்?